குறை சொன்னவர் பொறுப்பு

லான்செஸ்டன், டாஸ்மேனியா
9 நவம்பர் 1994

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

தம்பி க்ளைவ் எழுதுகிறேன். முதுகைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீயும் மெர்வ் அத்தானும் ப்ரூம் வெயிலில் கருவாடாகாமல் இருக்கிறீர்களா?

நீண்ட வாரயிறுதிக்கு ஆர்தர்ஸ் ஏரியில் கூடாரம் போட்டேன். மீன் பிடிக்கப் போவதாக வேலை பார்க்கும் கடையில் சொல்லிவிட்டுப் போனேன். மீன்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. முதல் நாளே ஒரு கரவாங் பறவை என் பையின் ஜிப்பை அலகால் திறந்து பாலாடைக்கட்டியைத் தூக்கிப் போய்விட்டது. அந்த ஜிப்பை நான் திறப்பதென்றால் இரண்டு கையும் கொஞ்சம் வசவும் வேண்டும். முகாம் சிநேகிதன் ட்ரெவர் வழக்கம்போலக் கேரவனோடு வந்திருந்தான். இந்த முறை டிவியும் வந்தது. மரத்தில் ஆன்டெனா கட்டி மூன்று நாளும் திரையில் புள்ளி மழையைப் பார்த்தான். வெளியேயும் மழைதான். "உள்ள பெய்யிற மழையில நனைய மாட்டோம்ல," என்றான். அவன் மனைவி ஏன் ஏரிக்கு வருவதில்லை என்பது இப்போது விளங்குகிறது.

என் முகாம் வாழ்க்கை உனக்குத் தெரியும். காலையில் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி இன்ஸ்டன்ட் காபித்தூள், சாயங்காலம் நல்ல ஸ்காட்ச் மால்ட். ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனிதன் ஏதாவது ஒன்றிலாவது யோக்கியனாக இருக்க வேண்டுமென்று நான் விஸ்கியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஞாயிறு காலை அடுத்த கூடாரத்திலிருந்து ஒரு கோப்பைக் காபி வந்தது. பனி ஏரிமேல் படுத்துக் கிடந்த நேரம். சர்க்கரை இல்லை, ஆனாலும் கடைசி மடக்கில் ஏதோ இனித்தது. நின்றபடியே குடித்து முடித்தேன். பிறகு உட்கார்ந்து காலிக் கோப்பையை முகர்ந்தேன். இதை அத்தானிடம் சொல்லாதே. சாயங்காலம் கோப்பையைக் கழுவி, ஒரு விரற்கடை மால்ட் ஊற்றித் திருப்பிக் கொடுத்தேன். பிறத்தியார் கோப்பையை வெறுமனே திருப்பக் கூடாதல்லவா? மறுநாள் காலை கோப்பை மறுபடி வந்தது.

மற்றபடி விசேஷம் எதுவும் இல்லை.

உன் தம்பி,
க்ளைவ்

ப்ரூம்
24 நவம்பர் 1994

அன்புள்ள க்ளைவ்,

நாங்கள் கருவாடாகவில்லை, அவிந்துகொண்டிருக்கிறோம். மழைக்காலம் வரப்போகிறது, வரப்போகிறது என்று ஒரு மாதமாகச் சொல்கிறார்கள். அத்தானுக்கு முழங்கால் வலி. முத்தெடுக்கும் படகில் ஏறும்போது வலிக்கிறதாம், மதுக்கடைப் படியில் ஏறும்போது வலிக்கவில்லையாம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ட்ரெவரின் டிவியைப் பற்றி எழுதினாய். பறவையைப் பற்றி எழுதினாய். ஒரு காபியைப் பற்றி நீ எழுதிய அளவுக்கு லோரெயினைப் பற்றிக் கல்யாணமான புதிதில்கூட எழுதியதில்லை. "அடுத்த கூடாரத்திலிருந்து வந்தது" என்கிறாய். கோப்பைக்குக் கால் முளைத்ததா? கூடாரம் தானாகக் காபி போட்டதா?

லோரெயின் அந்தப் பல் டாக்டரோடு போய் ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக நீ எழுதும் எல்லாக் கடிதமும் "விசேஷம் இல்லை" என்றுதான் முடிகிறது. இந்த முறைதான் அது பொய் மாதிரித் தெரிகிறது. நீ ஒருவரோடு உட்கார்ந்து பேசிச் சிரித்தாய் என்று கேட்க எனக்கு ஆசை, அவ்வளவுதான். ஆணா பெண்ணா? பெயர் என்ன? பதில் எழுது.

அக்கா நோரீன்

லான்செஸ்டன்
4 ஜனவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். முதுகு பரவாயில்லை, ஒத்தடத்தை உள்ளுக்குக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஏரியில்தான் இருந்தேன். ட்ரெவர் தூண்டிலை வீசி அவன் காதையே பிடித்தான். ஆறு வருடத்தில் அந்த முகாமில் யாரும் பிடித்ததிலேயே பெரியது அதுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: பெண். பெயர் அசுந்தா. போத்வெல் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அப்பா இத்தாலியிலிருந்து நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்ட வந்தவர். அவள் இந்த மேட்டுநிலத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும் என்று டிவி இல்லாமலே சொல்கிறாள். கணவர் இருந்தார், இப்போது இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

அவளிடம் ஈரடுக்குப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. கீழே தண்ணீர், நடுவில் பொடி. கொதித்தால் டிகாக்ஷன் மேல் அடுக்குக்கு ஏறும். கொட்டையைக் கை ஆலையில் அப்போதைக்கப்போது அரைப்பாள். பாத்திரம் உறுமத் தொடங்கும் முன்னே தணலிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம்.

"உறுமிட்டா?" என்று கேட்டேன்.

"உறுமிட்டா ட்ரெவருக்குக் கொடுத்துடுவேன்," என்றாள்.

விஸ்கி விஷயத்தில் நான்தான் வாத்தியார் என்று நினைத்திருந்தேன். அவள் கோப்பையை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள். பிறகு ஏரித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து இரண்டு சொட்டு விட்டாள்.

"ஐயையோ, அதுல தவளை இருக்கும்மா," என்றேன்.

"இருந்தா அதுவும் குடிக்கட்டும். நல்ல சரக்கு."

இரண்டு சொட்டுக்குப் பிறகு என் சொந்த விஸ்கி எனக்குப் புதிதாக இருந்தது. எத்தனையோ வருடம் வீணாகக் குடித்திருக்கிறேன்.

மற்றபடி மழை இல்லை.

க்ளைவ்

ப்ரூம்
16 ஜனவரி 1995

க்ளைவ்,

புயல் எச்சரிக்கை இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கூரை இருக்கிறது, அத்தான் இருக்கிறார், இரண்டும் ஒழுகுகிறது.

மாதக் கடைசியில் விடுமுறை வருகிறது. போ. நல்ல சட்டை ஒன்று எடுத்துக்கொள். கடைப் பெயர் போட்ட சட்டை நல்ல சட்டை ஆகாது. அதிகம் பேசாதே. உன் வாய் ஊருக்குப் பிடிக்கும், வீட்டுக்குத்தான் ஆகாது.

நோரீன்

லான்செஸ்டன்
31 ஜனவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் உங்களைத் தொடாமல் போனதாக ரேடியோவில் கேட்டேன், நிம்மதி. நான் நலமாகத்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

விடுமுறையில் நெருப்புத் தடை. விறகு மூட்டக் கூடாது, காஸ் அடுப்பு மட்டும்தான். ட்ரெவர் அதிலும் சாசேஜைக் கரியாக்கினான். அது ஒரு திறமை. நாங்கள் எல்லாரும் வழக்கம்போல "பிரமாதம் ட்ரெவர்" என்றோம். ஏரியில் தண்ணீர் குறைவு. கரவாங் என் சோப்பைத் தின்றது.

அசுந்தா படகுத்துறைப் பாறையில் சறுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். வலது கை. அப்படியும் காலையில் ஆலையை இரண்டு முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் அரைத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உதட்டைக் கடித்தாள். தையல்காரிக்கு அந்தக் கைதான் சோறு. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "கொடுங்க, நான் அரைக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம் என்பாய். அப்படிச் சொன்னால் "உன்னால் முடியவில்லை" என்று சொன்னதாகிவிடும். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை.

ஆட்டுக் கொட்டகையில் உரோமம் கத்தரிக்கிற கும்பலோடு நான் வேலை பார்த்த காலம் உனக்கு நினைவிருக்கும். அங்கே ஒரே சட்டம்தான். சமையலில் குறை சொன்னவன் அந்த நிமிஷத்திலிருந்து சமையல்காரன். எங்கள் முகாமிலும் அதுதான் நடப்பு. இல்லாவிட்டால் ட்ரெவரின் சாசேஜை யார் புகழ்வார்கள்? ஆகவே நான் மரியாதையான வழியில் போனேன். ஒரு மடக்குக் குடித்து, நாலு பேர் காதில் விழும்படி, "இன்னிக்குக் காபி கருகிப் போச்சே," என்றேன். கருகவில்லை. சட்டப்படி ஆலை என் கைக்கு வந்துவிடும், அவள் கை ஓய்வெடுக்கும் என்பது என் கணக்கு.

"அப்படியா?" என்றாள்.

கோப்பையை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைப் புல்லில் ஊற்றினாள். பாத்திரத்தைத் துடைத்தாள். பிறகு கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தாள், அதுவும் ஒற்றைக் கையால். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு ஈ உள்ளே போய்விட்டது. நான் இருமி முடிப்பதற்குள் வண்டி மண் பாதையில் திரும்பிவிட்டது.

ட்ரெவர் கேட்டான்: "ஏம்ப்பா, அந்தம்மாவுக்குச் சட்டம் தெரியாதா?"

அதை நான் யோசிக்கவில்லை.

மற்றபடி விசேஷம் இல்லை.

க்ளைவ்

ப்ரூம்
12 பிப்ரவரி 1995

க்ளைவ்,

என் உடல்நிலை பற்றிக் கேட்டால், உன் கடிதம் படித்ததிலிருந்து ரத்த அழுத்தம். நீ மடையன் என்று நான் எழுதப்போவதில்லை. அத்தான் எழுதச் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

உலகம் ஆட்டுக் கொட்டகை இல்லை, தம்பி. கை வீங்கியவள், வலியோடு, உனக்காக அரைத்துக் கொடுத்த காபி அது. அதை நாலு பேர் நடுவில் கருகல் என்றாய். நீ அவளுக்கு உபகாரம் செய்தாய் என்பது உனக்கும் ட்ரெவருக்கும் அந்தக் கரவாங் பறவைக்கும் மட்டும்தான் தெரியும்.

போத்வெல் உனக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவு. வண்டியை எடு. கடைக்குள் போ. இந்தக் கடிதத்தில் என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொல். சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடு. எழுத வராவிட்டால் தைக்க ஒரு கால்சட்டையாவது கொண்டுபோ.

அக்கா

லான்செஸ்டன்
14 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. நலம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

பக்கத்து வீட்டுக்காரர் ஆடு வாங்கியிருக்கிறார், புல் வெட்டும் மெஷினுக்குப் பதிலாக. ஆடு புல்லைத் தொடுவதில்லை, என் ரோஜாவைத் தின்கிறது. ட்ரெவர் மனைவி டிவியை விற்றுவிட்டாள். நான் இன்ஸ்டன்ட் டப்பாவைக் குப்பையில் போட்டேன். கை ஆலை ஒன்று வாங்கினேன். சமையலறையில் நின்று அரைத்துப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் உறுமிவிடுகிறது.

ஒரு நாள் போத்வெல் வழியாக வண்டியில் போனேன். கடை திறந்திருந்தது. நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

கூடாரத்தை விற்பதாகக் கடைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த முதுகுக்குத் தரையில் படுப்பது சரிப்படவில்லை.

க்ளைவ்

ப்ரூம்
21 மார்ச் 1995

திருமதி அசுந்தா அவர்களுக்கு,
தையல் கடை, போத்வெல், டாஸ்மேனியா.

நாம் சந்தித்ததில்லை. நீங்கள் நலமாக இருக்கவும், மணிக்கட்டு ஆறியிருக்கவும் விரும்புகிறேன். நான் க்ளைவின் அக்கா. இப்படி எழுதுவது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஏரியில் குதிப்பான், அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்கிறதாம்.

ஒரே ஒரு விஷயம். ட்ரெவரின் சாசேஜை அந்த முகாமில் எல்லாரும் ஏன் புகழ்கிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? அங்கே சமையலைக் குறை சொல்பவர் அன்றிலிருந்து அந்த வேலையை ஏற்க வேண்டும். ஆட்டுக் கொட்டகைச் சட்டம். என் தம்பி உங்கள் கையைப் பார்த்தான். ஆலையை உங்களிடமிருந்து வாங்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. காபி கருகவில்லை என்று அவனே எனக்கு எழுதியிருக்கிறான். அந்தக் காபியைப் பற்றி நவம்பரிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தகவல் உங்களிடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

இப்படிக்கு,
நோரீன்

போத்வெல்
28 மார்ச் 1995

அன்புள்ள நோரீன்,

கை ஆறிவிட்டது. தைக்க முடிகிறது. விசாரித்ததற்கு நன்றி, உங்கள் குடும்பத்தில் நேராக விசாரிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறார்.

என் அம்மாவின் காபியை ஒரே ஒருவர்தான் குறை சொன்னார். அவர் என் சித்தப்பா. அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. நான் அந்த வீட்டுப் பிள்ளை.

உங்கள் தம்பியின் வண்டி என் கடையைத் தாண்டி மூன்று முறை போனதைப் பார்த்தேன். வாசலில் வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சட்டம் காபிக்கு மட்டும்தானா?

அசுந்தா

ப்ரூம்
5 ஏப்ரல் 1995

க்ளைவ்,

நலம், நலம், எல்லாரும் நலம். கூடாரத்தை ஈஸ்டர் முடியும்வரை விற்காதே. ஏன் என்று கேட்காதே. ஏரிக்குப் போ. முதுகுக்குத் தடித்த போர்வை எடுத்துக்கொள்.

அக்கா

லான்செஸ்டன்
20 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே வெயில் இறங்கியிருக்கும். அத்தான் முழங்கால் எந்தப் படியில் ஏறுகிறது இப்போது?

நீ சொன்னபடி போனேன். சனிக்கிழமை காலை ஏரிக்கரையெல்லாம் உறைபனி. அவள் கூடாரம் பழைய இடத்தில் இருந்தது. நான் என்னுடையதை மரியாதையான தூரத்தில் போட்டேன், அதாவது ஓடிப்போக வசதியான தூரத்தில். புது ஆலையில் அரைத்துக் காபி வைத்தேன். அவள் நேராக வந்தாள், கையில் காலிக் கோப்பை.

"உங்க காபியா? ஊத்துங்க."

ஊற்றினேன். குடித்தாள். முகாமே கேட்கும்படி, "சேறு மாதிரி இருக்கு," என்றாள்.

பழிக்குப் பழி, நியாயம்தான் என்று தலையை ஆட்டினேன். அதோடு நிற்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். "இது நாற்காலியா? முதுகை முறிக்கிற மெஷின்." கூடாரத்தைச் சுற்றி வந்தாள். "இந்தத் தையலை யார் போட்டது? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாங்களா?" வறுத்த முட்டைக்கு ஒரு குறை, விளக்குக்கு ஒரு குறை. ட்ரெவர் கேரவன் வாசலில் நின்று ரசித்தான். "டேய் க்ளைவ், டிவி போனது நல்லதாப் போச்சு, இது அதைவிட நல்லா இருக்கு!"

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் கடைசி மரியாதையாக மால்ட்டைத் திறந்தேன். நல்லதிலும் நல்லது, பதினெட்டு வருடத்துச் சரக்கு. உள்ளங்கையில் வைத்திருந்தாள், இரண்டு சொட்டு ஏரித் தண்ணீர் விட்டாள், குடித்தாள்.

"இருமல் மருந்து," என்றாள்.

அதுதான் வலித்தது, அக்கா. டிசம்பரில் நல்ல சரக்கு என்ற அதே வாய். காலையில் கூடாரத்தைப் பிரித்துவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போதுதான் ட்ரெவர் தட்டோடு வந்தான். இந்த முறை அவன் தன்னையே மிஞ்சியிருந்தான். சாசேஜை எடுத்துக் கரித்துண்டு மாதிரிச் சுவரில் எழுதலாம் போலிருந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. மென்றாள். விழுங்கினாள்.

"பிரமாதம், ட்ரெவர்," என்றாள். "இன்னொண்ணு குடுங்க."

கரிக்கட்டைக்குப் பிரமாதம், பதினெட்டு வருட மால்ட்டுக்கு இருமல் மருந்து. விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு. நீ சொல்வாய், வழக்கத்தைவிடக் குறைவு என்று. சட்டம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு வேண்டாததைப் புகழ்ந்தாள்.

எண்ணிப் பார்த்தேன். காபி அவள் பொறுப்பு. நாற்காலி அவள் பொறுப்பு. முட்டை, விளக்கு, விஸ்கி. கூடாரமும்தான், அவளுடையது பெரியது, தையலும் ஒழுங்கு. ஆகஸ்டில் மீன்பிடிப் பருவம் திறக்கும்போது நான் கொண்டுவர ஒரு சாமான் மிச்சமில்லை.

"அப்ப நான் என்னத்தைத் தூக்கிட்டு வர்றது?" என்று கேட்டேன்.

"சும்மா வாங்க."

தணல் உட்கார்ந்துவிட்டது. அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் இருமல் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தேன். குளிருக்கு ஈயெல்லாம் போய்விட்டது, நல்ல காலம்.

"என்கிட்ட ஏதாவது குறை இருக்குதா?"

மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள், துணி அளவெடுப்பவள் பார்ப்பதுபோல. அவசரப்படவில்லை.

"நிறைய," என்றாள்.

போத்வெல் தையல் கடை முகவரி உனக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கூடாரம் விற்றுப்போய்விட்டது. என் முதுகு, தூக்கம், சாப்பாடு பற்றியெல்லாம் வழக்கமாக என்னிடம் விசாரிப்பாய். இனி அவளிடம் கேட்டுக்கொள். எனக்கு அதில் பொறுப்பில்லை.

தம்பி,
க்ளைவ்